ஒரு மணிக்கு முன் கேட் திறக்காது

ஐக்கிய கேரவன் கிளப்
முகாம் மறுஆய்வுப் பிரிவு
கெட்டரிங்
9 ஏப்ரல் 1996

திரு. மற்றும் திருமதி ஹெஸ்லப்,
வார்டன்கள், தார்ன்ரிக் முகாம், நார்தம்பர்லண்ட்.

மதிப்பிற்குரிய தம்பதியருக்கு,

போதிய பயன்பாடு இல்லாத முகாம்களை இந்தப் பருவத்தின் முடிவில் மூடுவதென நமது கிளப்பின் நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. சென்ற கோடையில் சனிக்கிழமைகளில் எடுக்கப்பட்ட எண்ணிக்கையின்படி, தார்ன்ரிக்கில் சராசரியாக இரண்டு கேரவன்கள் காணப்பட்டன. எனவே தங்கள் முகாம் மூடப்பட வேண்டிய முப்பத்தொன்றில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

முறையீட்டுக்கு வாய்ப்பளிக்கும் வகையில் ஜூன் 15, சனிக்கிழமை, இறுதி எண்ணிக்கை நடைபெறும். அன்று பத்துக்குக் குறையாத வண்டிகள் இருந்தால் முகாம் தொடரும்.

முகாம்கள் மூடப்படுவது உறுப்பினர்களின் விடுமுறை மகிழ்ச்சியைப் பெருக்குவதற்காகவே என்பதைத் தாங்கள் இருவரும் உணர்வீர்கள். தங்களின் நீண்ட சேவைக்குக் கிளப் நன்றி தெரிவிக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
கி. ஹெஸ்லப்
பிரிவுத் தலைவர்


தார்ன்ரிக்
13 ஏப்ரல் 1996

கிளைவ்,

உன் கடிதம் வந்தது. உனக்கும் எனக்கும் சேர்த்து எழுதியிருக்கிறாய். வார்டன் வேலைக்குக் கணவன் மனைவியாகத்தான் ஆள் எடுப்பது என்பது கிளப்பின் வழக்கம். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெட்டரிங் தலைமையகத்துக்குப் போய் நான்கு வருடமாகிறது. அந்தச் செய்தி கெட்டரிங்குக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. ஆகவே உன் வேலையை நீயே பறித்து, உன் சேவைக்கு நீயே நன்றி சொல்லியிருக்கிறாய். என் அனுதாபங்கள். உன் மனைவியும் வருத்தத்தில்தான் இருக்கிறாள்.

இனி அந்த எண்ணிக்கைக்கு வருகிறேன். போன கோடையில் மஞ்சள் மேலங்கி போட்ட ஓர் ஆள் சனிக்கிழமைகளில் வந்து, புல்லைப் பார்த்துவிட்டுப் போவார். பெயர் ஸ்னெல் என்றார். ஏதோ புல்லைப் பற்றிய ஆராய்ச்சி என்று நினைத்து டீ கூடக் கொடுத்தேன். அவர் என் வீட்டை அளந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவர் எத்தனை மணிக்கு வந்தார் தெரியுமா? பகல் பன்னிரண்டு மணிக்கு. ஒவ்வொரு முறையும் சரியாகப் பன்னிரண்டு.

தங்கி முடித்துப் போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களை ஒரு மணிக்கு மேல்தான் உள்ளே விட வேண்டும். இந்த விதியை எழுதியது யார்? நாம் இங்கே வந்த இரண்டாவது வருடம், லீட்ஸ் ஊர்க்காரர் ஒருவரும் ஹல் ஊர்க்காரர் ஒருவரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டபோது, சமையல் மேசையில் உட்கார்ந்து நீதான் எழுதினாய். கிளப் அதை எல்லா முகாம்களுக்கும் விதியாக்கி உனக்கு ஒரு கேடயமும் கொடுத்தது. நாடு முழுவதும் எல்லா முகாமிலும் போகிறவர் போய், வருகிறவர் வராத ஒரே ஒரு மணி நேரம் உண்டு, அது நீ உண்டாக்கினது. அந்த நேரத்தில் ஆள் அனுப்பி எண்ணிவிட்டு, ஆள் இல்லை என்கிறாய்.

பூட்டிய பிறகு கடைக்குப் போய், வியாபாரம் இல்லையே என்று கடைக்காரரைக் கேட்கிறவனை என்ன சொல்வார்கள்? கெட்டரிங்கில் பிரிவுத் தலைவர் என்கிறார்கள் போலிருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக இந்தக் கேரவன்தான் என் வீடு, இந்த வயல்தான் என் வாசல். ஜூன் 15 அன்று ஸ்னெல்லை மாலையில் அனுப்பு. நான் கேட்பது அவ்வளவுதான்.

மாவிஸ்


கெட்டரிங்
22 ஏப்ரல் 1996

மதிப்பிற்குரிய திருமதி ஹெஸ்லப்,

தங்கள் கடிதத்தின் தொனி கோப்பில் சேர்க்கப்படவில்லை. அதன் பொருள் மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது.

எண்ணிக்கை எல்லா முகாம்களிலும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது. ஆகவே அது நியாயமானது. ஒரு முகாமுக்கு மட்டும் நேரத்தை மாற்றினால் பழைய எண்ணிக்கையுடன் ஒப்பிட முடியாமல் போகும். பன்னிரண்டு மணி என்பது தெளிவான நேரம். நினைவில் வைக்கவும் எளிது. திரு. ஸ்னெல்லின் மதிய உணவு இடைவேளைக்கும் இடைஞ்சல் இல்லை.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒன்றை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். சென்ற ஆகஸ்டில் ஒரு குடும்பத்தைத் தாங்கள் பன்னிரண்டு நாற்பதுக்கே உள்ளே அனுமதித்ததற்காக எழுத்துமூலம் எச்சரிக்கப்பட்டீர்கள். அதே பிழை மறுபடி நேர்ந்தால் பணிநீக்கம் என்பது அந்த எச்சரிக்கையிலேயே உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
கி. ஹெஸ்லப்


தார்ன்ரிக்
2 மே 1996

கிளைவ்,

எழுத்துமூலம் எச்சரித்தது நீ. கையெழுத்துக்குக் கீழே கோடு இழுப்பது உன் பழக்கம், அதுவும் இருந்தது.

அன்று கொட்டோகொட்டென்று மழை. சண்டர்லண்டிலிருந்து வந்த பெண், இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் ஒன்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்தேன். அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தவர் தனக்கு முந்தி ஒருவரை விட்டது முறையா என்று கெட்டரிங்குக்கு எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்பது அவருக்கு மதம். ஆனால் நீ அந்தக் கேட்டில் எட்டு வருடம் மழையில் நின்றவன்.

சரி, நடந்ததை விடு. ஃபென்விக்கை ஞாபகம் இருக்கிறதா? ஓய்வு பெற்ற பல் டாக்டர், மழைக்கூடாரம் கட்டும்போது யாரையும் கிட்டே விடாதவர். அவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்துவிட்டார். ஜூன் 15 அன்று எல்லோரும் காரில் கேரவனை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அத்தனை பேருக்கும் அன்று பகல் இங்கே இருக்க ஆசை. ஆனால் வெள்ளிக்கிழமை வரை வேலைக்குப் போகிறவர்கள். சனி காலையில் கிளம்பினால் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர முடியும்.

இப்போது என் நிலைமையைப் பார். ஒரு மணிக்கு முன் கேட்டைத் திறந்தால் விதியை மீறினேன் என்று என்னை அனுப்பிவிடலாம். திறக்காவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று முகாமையே மூடிவிடலாம். இரண்டு கதவுக்கும் சாவி உன்னிடம். இவ்வளவு நேர்த்தியாக நீ நம் வீட்டு அலமாரியைக் கூட மாட்டியதில்லை.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. ‘ஜூன் 15 அன்று ஒரு மணிக்கு முன் கேட்டைத் திறக்க அனுமதி.’ கீழே கையெழுத்து. கோடு இழுத்துக்கொள், பரவாயில்லை.

மாவிஸ்


கெட்டரிங்
20 மே 1996

மாவிஸ்,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். கோப்பில் வைக்கிற கடிதம் இல்லை இது.

என்னால் முடியாது. தார்ன்ரிக்குக்கு அந்த ஒரு வரியைக் கொடுத்தால், பன்னிரண்டு மணிக்கு எண்ணியது தவறு என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மிச்சமுள்ள முப்பது வார்டன்களும் மறுநாளே அதைப் பிடித்துக்கொள்வார்கள். குழுவுக்குப் பட்டியல் போய்விட்டது. தலைவர் அதைப் பாராட்டி விருந்தில் பேசிவிட்டார். பாராட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது, சொல்.

நான் பழிவாங்குகிறேன் என்று நினைக்கிறாய். உனக்கு ஒன்று தெரியாது. தனியாள் வார்டனாக இருக்கக் கூடாது. நான் போன அன்றே தார்ன்ரிக்கை இன்னொரு தம்பதிக்குக் கொடுத்திருக்க வேண்டும். நான்கு வருடமாக ஒவ்வொரு ஜனவரியிலும் ‘வார்டன்கள்: கிளைவ், மாவிஸ்’ என்று புதுப்பித்து அனுப்புவது யார் என்று நினைக்கிறாய்? உன் கேட்டில் நீ நிற்பதற்காக வருடத்துக்கு ஒருமுறை பொய் சொல்கிறேன். அதற்கு நன்றி வேண்டாம். குறைந்தபட்சம் அலமாரியை இழுக்காமல் இருக்கலாம்.

எட்டு வருடத்தில் ஒரு தடவை, ஒரே தடவை, வெளியே எங்காவது போகலாம் என்றேன். கடல் பக்கம். ‘பருவம் முடியட்டும்’ என்றாய். பருவம் முடிந்ததும் குழாய்கள் உறையும் என்றாய். ஊரே விடுமுறைக்கு வருகிற இடத்தில் விடுமுறை கிடைக்காத ஒரே ஆள் நான்தான். நான் உன்னை விட்டுப் போகவில்லை மாவிஸ், அந்தக் கேட்டை விட்டுப் போனேன்.

அனுமதி கிடையாது.

கிளைவ்


தார்ன்ரிக்
16 ஜூன் 1996

கிளைவ்,

நேற்று நடந்தது உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய். ஆனால் மழையில் உன் கண்ணாடி முழுக்க நீர் வழிந்ததால் எல்லாம் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கே முதல் வண்டி வந்தது. பதினொன்றரைக்கெல்லாம் முகாமுக்கு வரும் சந்து நெடுக, தேவாலயம் வரைக்கும் கேரவன்கள். முதல் வண்டி ஃபென்விக்குடையது. பதினொன்றே முக்காலுக்கு இறங்கி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மாவிஸ், திற! பல்லப் புடுங்குறத விட இது சுலபம்!”

“இன்னும் மணி ஆகல டாக்டர்.”

“அடியம்மா, உன் வீட்டக் காப்பாத்தத்தான் இத்தன பேரும் வந்திருக்கோம்!”

“வந்ததுக்கு ரொம்ப நன்றி. இஞ்சின ஆஃப் பண்ணுங்க, புகையுது.”

பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: “அந்தம்மாவுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” இன்னொருவர் பதில் சொன்னார்: “இல்லம்மா, வார்டன்.”

பன்னிரண்டுக்கு ஸ்னெல் வந்தார். அவர் நடந்து வருகிறவர், ஆகவே பக்கத்துச் சிறு கதவு வழியாக விட்டேன். உள்ளே இருந்தது இரண்டு வண்டி. ஒன்று டார்லிங்டன் தம்பதியர், இரண்டு வாரமாக மழையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இன்னொன்று ஹாலந்துக்காரர், தேவாலயம் வரை நிற்கும் வரிசையைப் பார்த்து யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். என் வண்டி கணக்கில் வராது. வார்டன் வண்டி கேரவன் இல்லை, உபகரணம். அதுவும் உன் விதி.

“சந்துல நிக்கிறதப் பாத்தீங்களா?” என்றேன்.

“பாத்தேன் மேடம். அழகா நிக்குது.”

“அதையும் எண்ணுங்க.”

“உள்ள இருக்குறத எண்ணணும்னுதான் போட்டிருக்கு. ரோட்டுல நிக்கிறது கவுன்சில் கணக்கு.”

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர் சந்து முழுக்க ஓடி வந்தார். மூச்சிரைக்க, முழங்கால் வரை சேறு. நீ. நான்கு வருடத்துக்குப் பிறகு என் கேட்டுக்கு வந்திருந்தாய், அதுவும் ஒரு வாடகைக் கேரவனை இழுத்துக்கொண்டு. உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிடம் எனக்குக் கோபம் மறந்துபோனது. பிறகு நீ வாயைத் திறந்தாய்.

“மாவிஸ், கேட்டத் திற.”

“அதிகாரியா வந்திருக்கியா, மெம்பரா வந்திருக்கியா?”

“மெம்பரா. லீவு போட்டுட்டு வந்தேன்.”

“அப்ப வரிசைல போய் நில்லு.”

“ஏய், விளையாடாத! அந்தாளு எண்ணிட்டிருக்கான்!”

“தெரியுது. நீ அனுப்பின ஆளு.”

“சரிடி, அதிகாரியாவே வந்திருக்கேன்னு வச்சுக்க. திற.”

“அப்ப எழுதிக் குடு.”

 ஃபென்விக் தன் பேனாவை நீட்டினார். நீ உன்னுடையதையே எடுத்தாய். மழைக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளும் எடுத்தாய். ஸ்னெல்லைப் பார்த்தாய். அவர் கழிவறைக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தாய். அத்தனை பேரும் உன் கையைத்தான் பார்த்தார்கள். நீ பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாய்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு மணிக்குத் திறந்தேன். எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஒருவர் கூட என்னிடம் பேசவில்லை. வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர் விட்டு நிறுத்தினேன், முகாம் நிறைந்தது. ஸ்னெல் தன் காரில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி அவர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது கண்ணாடியை இறக்கி, “இப்பிடி நிறைஞ்சு பாக்க நல்லாருக்கு மேடம்” என்றார். நல்ல மனிதர். அவருக்கு இனி டீ கிடையாது.

கடைசி வண்டி உன்னுடையது. இடமில்லை.

சந்தில் நீ ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்ததும் எல்லோரும் டீயோடு வெளியே வந்துவிட்டார்கள். உனக்கு அது என்றைக்கும் வந்ததில்லை. வேலியில் இடித்தாய், பள்ளத்தில் இறக்கினாய், ஒருவரும் உதவவில்லை. நான்தான் பின்னால் போய் நின்று கை காட்டினேன். அது வார்டனின் கடமை. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

மாவிஸ்


கெட்டரிங்
19 ஜூன் 1996

மாவிஸ்,

முதலில் அந்தக் கை. நீ இடது கையைக் காட்டிக்கொண்டு வலது வலது என்று கத்தினாய். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. வேலியில் நான் இடிக்கவில்லை, நீ இடிக்கவைத்தாய். வாடகைக்காரர்கள் உடைந்த பின்விளக்குக்கு என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

இரவு மதுக்கடை வாகன நிறுத்தத்தில் படுத்தேன். எட்டு வருடம் நான் புல் வெட்டிய முகாமுக்கு வெளியே.

பேனாவைப் பற்றி. நீ பார்த்தது பாதி. எழுதத்தான் ஆரம்பித்தேன். ‘தார்ன்’ வரைக்கும் எழுதினேன். தாள் நனைந்து கிழிந்தது.

மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். தாள் கிழியவில்லை. அத்தனை பேர் முன்னால் என் கை ஓடவில்லை, அவ்வளவுதான். சந்தோஷமா?

ஆனால் நீ! ஒரு கொக்கி, மாவிஸ். விரல் நுனியால் தள்ளியிருந்தால் போதும். பணிநீக்கக் கடிதத்தை எழுத வேண்டியவன் நான். அதை எழுதியிருப்பேன் என்றா நினைத்தாய்? கையே ஓடாதவன் அதை மட்டும் எழுதிவிடுவானா? நான் லீவு போட்டு, கெட்டரிங்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஓட்டத் தெரியாத ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது எதற்கு? பத்தில் ஒன்றாக நிற்க. நீ என் முகத்துக்கு நேரே கேட்டைப் பூட்டி, உன் தலையிலேயே கூரையை இழுத்துப் போட்டுக்கொண்டாய். எனக்குப் பாடம் கற்பிக்க.

ஸ்னெல்லின் அறிக்கை வந்துவிட்டது. தார்ன்ரிக்: இரண்டு. குறிப்பு: ‘வார்டன் விதிகளைச் சிறப்பாகக் கடைப்பிடிக்கிறார்.’

குழு நேற்று கூடியது. செப்டம்பர் கடைசியில் மூடுகிறார்கள். நான் ஒன்றும் பேசவில்லை.

கிளைவ்


தார்ன்ரிக்
24 ஜூன் 1996

கிளைவ்,

எழுதியிருக்க மாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? போன ஆகஸ்டில் எழுதினாயே.

மாவிஸ்


கெட்டரிங்
30 செப்டம்பர் 1996

தார்ன்ரிக் முகாமில், 1996 ஜூன் 15 அன்று, பகல் ஒரு மணிக்கு முன் கேட்டைத் திறக்க இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது.

கி. ஹெஸ்லப்
பிரிவுத் தலைவர்

பி.கு.: இதன் நகலைக் குழுவுக்கும் மற்ற முப்பது வார்டன்களுக்கும் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு மணியைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன். நாளையிலிருந்து பிரிவுக்கு வேறு தலைவர் வருகிறார். முப்பதையும் அக்டோபரில் மாலை நேரத்தில் மறுபடி எண்ணுவார்களாம். தார்ன்ரிக் இன்று காலையே மூடப்பட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அதை எண்ண முடியாதாம்.

இங்கே மழை இல்லை. பேனா நன்றாக எழுதுகிறது.


தார்ன்ரிக்
7 அக்டோபர் 1996

கிளைவ்,

உன் கடிதம் வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. தபால்காரரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தேன். “முகாமே மூடியாச்சு, இன்னும் என்னம்மா?” என்றார். ஒரு மணிக்கு வாங்கிக்கொண்டேன்.

கையெழுத்துக்குக் கீழே கோட்டை இரண்டு முறை இழுத்திருக்கிறாய். ஒன்று போதும்.

முப்பது பேர் பிழைப்பார்கள். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது, உன்னையும் பிடிக்காது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறாய், மூன்றரை மாதம் கழித்து. உன்னை மன்னிக்கவில்லை. ஜூன் 15 அன்று கேட்டில் நின்றவளையும் மன்னிக்கவில்லை, அவளோடு தினமும் வேறு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கிளப்பிலிருந்து இரண்டு பேர் லாரியில் வந்து தங்கள் சொத்துக்களை எடுத்துப் போனார்கள். குழாய், அறிவிப்புப் பலகை, குப்பைத் தொட்டி, கேட். ஆமாம், கேட்டையும். கழற்ற வெகுநேரம் ஆனது. கீல் துருப்பிடித்திருந்தது. நான் எண்ணெய் கொடுத்தேன். என் வண்டி உபகரணம் என்பதால் அதையும் ஏற்றப் பார்த்தார்கள். உள்ளே நான் இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

நிலம் விவசாயி டாட்டுடையது, தெரியும் உனக்கு. குளிர்காலம் முடியும்வரை நான் இங்கேயே இருக்கலாம் என்கிறார். “ஆடு உங்கள ஒண்ணும் பண்ணாதுங்க, நீங்களும் அதுங்கள ஒண்ணும் பண்ணாதீங்க” என்றார். வசந்தத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியவில்லை. வண்டியை இழுக்க எனக்குக் கார் இல்லை. இழுக்கத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. இழுக்கத் தெரியாத ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

கேட் இல்லாததால் டாட்டின் ஆடுகள் இஷ்டத்துக்கு உள்ளே வருகின்றன. ஆறு மீட்டர் இடைவெளியும் விடுவதில்லை. நேற்று முன்தினம், சனிக்கிழமை, பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தியொன்று.

எண்ணிச் சரிபார்க்க ஆள் வேண்டும். ஸ்னெல்லை அனுப்பாதே.

மாவிஸ்